மாத்திரை போட்டும் பாஸ்பேட் இறங்கவில்லை! டயாலிசிஸ் வார்டில் துப்பு துலக்கும் நர்சுகள்

காலை 6 மணி. சென்னை நகரின் டீக்கடைகளில் முதல் பால் பொங்கும் நேரம். ஆஸ்பத்திரிகளின் டயாலிசிஸ் வார்டுகளில் முதல் 'ஷிப்ட்' ஆரம்பமாகிறது.

திருவள்ளூர் பக்கம் இருந்தும், கும்மிடிப்பூண்டி பக்கம் இருந்தும் இருட்டோடு ரெயில் ஏறி வந்தவர்கள், எடை மேடையில் ஏறி இறங்குகிறார்கள். கையை நீட்டிப் படுக்கிறார்கள். கையில் இரண்டு ஊசிகள். ஒன்று ரத்தத்தை வெளியே எடுக்க. இன்னொன்று, எந்திரம் சுத்தம் செய்த ரத்தத்தைத் திரும்ப உள்ளே அனுப்ப. இனி 4 மணி நேரம் அசையக்கூடாது.

மாதத்தில் ஒரு நாள், எந்திரத்தை ஓட விடுவதற்கு முன்பே, நர்சு ஒரு சின்னக் குழாயில் ரத்தம் எடுத்துக்கொள்வார். மறுமுறை வரும்போது வார்டில் ஒரே பரபரப்பு. பத்தாம் வகுப்பு 'ரிசல்ட்' வந்த மாதிரி ஆளுக்கு ஆள் விசாரிப்பார்கள்.

"என்னுது எவ்வளவு சிஸ்டர்?"

அந்தத் தாளில் பல எண்கள் இருக்கும். கிரியேட்டினின், பொட்டாசியம், ஹீமோகுளோபின் என்று. ஆனால் வருஷக்கணக்கில் டயாலிசிஸ் செய்பவர்களை நைசாகக் கவிழ்க்கும் எண் ஒன்று உண்டு. அதுதான் பாஸ்பேட்!

சத்தம் போடாத எதிரி

பாஸ்பேட் விஷம் அல்ல. எலும்புக்கும் பல்லுக்கும் அது வேண்டும். உடம்பில் ஓடும் ஒவ்வொரு உயிரணுவுக்கும் வேண்டும். நாம் சாப்பிடும் சாப்பாட்டில் அது தாராளமாக வருகிறது. மிச்சத்தைச் சிறுநீரில் வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை.

சிறுநீரகம் கெட்டுப்போனால்? வெளியே போக வழி இல்லை. ரத்தத்தில் தங்கிவிடுகிறது.

நல்ல உடம்பில், 100 மில்லி ரத்த நீரில் பாஸ்பரஸ் 2.5 முதல் 4.5 மில்லிகிராம் வரை இருக்கும். டயாலிசிஸ் செய்பவர்களுக்கு 5.5-க்குள் இருந்தால் போதும் என்று 2003-ம் ஆண்டு அமெரிக்க சிறுநீரக அறக்கட்டளை ஒரு வரம்பு போட்டுக் கொடுத்தது. நம்மூர் வார்டுகளிலும் அந்த 5.5 தான் பலர் வாயில் இருக்கும் கணக்கு. இயல்பான அளவை நோக்கி இறக்கப் பாருங்கள் என்கிறது 2017-ல் வந்த சர்வதேச வழிகாட்டி.

ஏறினால் என்ன ஆகும்? முதலில் ஒன்றுமே தெரியாது. அதுதான் ஆபத்து!

பொட்டாசியம் ஏறினால் இதயம் தடுமாறும். தண்ணீர் ஏறினால் மூச்சு வாங்கும். ஆஸ்பத்திரிக்கு ஓடி வருவார்கள். பாஸ்பேட் அப்படி இல்லை. உடம்பு அரிக்கும். கண் சிவக்கும். "கொசுக்கடி", "வெயில் காலம்" என்று சொல்லிக்கொண்டு நாளைக் கடத்துவார்கள். (அரிப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இதை மறக்கக்கூடாது.)

உள்ளே நடப்பது வேறு. பாஸ்பேட் ஏறி கால்சியம் குறைந்ததும், கழுத்தில் அரிசி மணி அளவில் இருக்கும் 4 பாராதைராய்டு சுரப்பிகள் விழித்துக்கொள்கின்றன. எலும்பில் இருந்து கால்சியத்தை உருவச் சொல்லி உத்தரவு போடுகின்றன. எலும்பு உளுத்துப் போகிறது. இன்னொரு பக்கம், கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து ரத்தக் குழாயின் சுவரில் சுண்ணாம்பு போல் படிகின்றன. மாரடைப்பு வரை போகும் விவகாரம் இது.

1998-ம் ஆண்டு அமெரிக்காவில் டயாலிசிஸ் நோயாளிகளின் கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். 6.5-க்கு மேல் இருந்தவர்களுக்கு மரண அபாயம், அதற்குக் கீழே இருந்தவர்களைவிட 27 சதவீதம் அதிகம் என்று தெரிய வந்தது. அதன் பிறகுதான் இந்த எண்ணுக்கு இவ்வளவு மவுசு.

எந்திரம் போதாதா?

"அதான் மிஷின்ல போட்டு எடுக்கிறோமே. அப்புறம் மாத்திரை எதுக்கு?"

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி இது. நர்சு பேனாவை எடுத்து, கேஸ் சீட்டின் ஓரத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டலாம்.

ஒரு நாள் சாப்பாட்டில் சுமார் 1,000 மில்லிகிராம் பாஸ்பரஸ் என்று வையுங்கள். வாரத்துக்கு 7,000. அதில் 60 சதவீதம் குடலில் இருந்து ரத்தத்துக்குப் போனால் 4,200. ஒரு டயாலிசிஸ் வெளியே எடுப்பது சுமார் 800. வாரம் 3 முறை என்றால் 2,400. மீதி 1,800 உள்ளேயே நிற்கிறது!

நம்மூரில் வாரம் 2 முறை மட்டும் வருகிறவர்கள் ஏராளம். பஸ் செலவு, கூட வர ஆள் இல்லாதது, கூலி போய்விடும் என்ற பயம் என்று ஆயிரம் காரணம். அவர்களுக்கு 1,600 தான் வெளியே போகும். மீதி 2,600.

இந்த மீதியைச் சமாளிக்கத்தான் மாத்திரை. கால்சியம் கார்பனேட், கால்சியம் அசிடேட், சீவலமர், லாந்தனம் என்று பல வகை. முன்காலத்தில் அலுமினிய மருந்து கொடுத்தார்கள். டயாலிசிஸ் நோயாளிகளின் உடம்பில் அலுமினியம் சேர்ந்து மூளையும் எலும்பும் கெடுவது 1970-களில் வெளிச்சத்துக்கு வந்தது. அதன் பிறகு அது ஒதுக்கப்பட்டது.

மாத்திரை எழுதிக் கொடுப்பதோடு டாக்டரின் வேலை முடிந்தது. அதற்குப் பிறகுதான் நர்சின் வேலை தொடங்குகிறது.

"சாமி சத்தியமா சிஸ்டர்!"

ஒரு ஆட்டோ டிரைவரை வைத்துக்கொள்வோம். இப்படி ஒருவர் இல்லாத வார்டே கிடையாது. வயது 50. போன மாதம் 6.8. இந்த மாதம் 7.4.

"மாத்திரை போடுறீங்களா அண்ணே?"

"ஒரு வேளை விடல. சாமி சத்தியமா சிஸ்டர்!"

அவர் பொய் சொல்லவில்லை. மாத்திரை அட்டைகள் காலியாகத்தான் இருக்கின்றன. பிறகு எப்படி ஏறியது?

அனுபவப்பட்ட நர்சு இந்த இடத்தில் கோபப்பட மாட்டார். "நீங்க ஒழுங்கா போடல" என்று அடித்துச் சொன்னால் கதவு மூடிவிடும். அடுத்த முறை உண்மை வராது. அதனால் பேச்சை வேறு பக்கம் திருப்புவார்.

"காலையில எழுந்ததும் முதல்ல என்ன பண்ணுவீங்க?"

"டீ."

"அப்புறம்?"

"அப்பவே மூணு வேளை மாத்திரையும் முழுங்கிடுவேன். சவாரிக்குப் போனா மறந்துடும் பாருங்க."

"டிபன்?"

"அது பத்து, பத்தரை ஆயிடும். மதிய சாப்பாடு மூணு மணிக்கு."

துப்பு கிடைத்துவிட்டது!

இந்த மாத்திரை ரத்தத்துக்குள் போய் வேலை செய்கிற மாத்திரை அல்ல. குடலில் சாப்பாட்டோடு கலந்து, அதில் உள்ள பாஸ்பேட்டைக் கட்டிப் பிடித்து, மலத்தோடு வெளியே தள்ளுகிற மாத்திரை. சாப்பாடு இல்லாத நேரத்தில் போட்டால் பிடிக்க ஆள் இல்லை. திருடன் வருவதற்கு 4 மணி நேரம் முன்பே ரோந்து போலீஸ் வந்து போய்விட்ட கதைதான்!

அதிலும் ஒரு கால்சியம் மாத்திரை கட்டிப் பிடிக்கும் அளவு சில பத்து மில்லிகிராம்தான். ஒரு டம்ளர் பாலில் மட்டும் 150 முதல் 200 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருக்கிறது. மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் நேரம் தவறினால் ஒன்றும் மிஞ்சாது.

வேளைக்கு ஒன்று என்று மூன்று பொட்டலம் மடித்து, ஒன்றைச் சட்டைப் பையில் லைசென்சோடு வைத்துக்கொள்ளச் சொல்வார் நர்சு. "முதல் கவளம் வாய்க்குப் போறப்ப மாத்திரையும் போகணும். சாப்பாடு இல்லேன்னா மாத்திரையும் வேணாம்." இதைச் சொல்லிவிட்டு விடமாட்டார். "இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க பார்ப்போம்" என்று திருப்பிச் சொல்ல வைப்பார். தலையாட்டுவது வேறு, புரிவது வேறு என்பது வார்டில் பழகியவர்களுக்குத் தெரியும்.

ஆளுக்கு ஒரு காரணம்

எல்லாருக்கும் இதே காரணம் இல்லை. அதனால்தான் இது துப்பறியும் வேலை.

ஒருவருக்கு மாத்திரை போட்டால் மலச்சிக்கல். ஆண்பிள்ளை டாக்டரிடம்கூடச் சொல்லக் கூச்சம். சத்தம் இல்லாமல் நிறுத்திவிடுவார். இன்னொருவருக்கு விலை. சீவலமர், லாந்தனம் போன்றவை கால்சியம் மாத்திரையைவிட விலை கூடியவை. ஒரு மாத மாத்திரையை இரண்டு மாதத்துக்கு இழுப்பார். 'கேட்டால் கேவலம்' என்று நினைத்து வாயைத் திறக்க மாட்டார். நர்சுக்குத் தெரிந்தால் டாக்டரிடம் சொல்லி வேறு மாத்திரைக்கு வழி பார்க்கலாம்.

ஒரு அம்மா லாந்தனம் மாத்திரையை முழுசாக விழுங்கிக்கொண்டிருப்பார். அது மென்று தின்ன வேண்டிய மாத்திரை. சீவலமரை அப்படி மெல்லக்கூடாது. இரும்புச் சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் ஒன்றாகப் போட்டால், ரத்தம் ஊறுவதற்குப் போட்ட மாத்திரை வீணாகும். தைராய்டு மாத்திரைக்கும் இதே கதை. இடைவெளி வேண்டும். எத்தனை மணி நேரம் என்று டாக்டரையோ நர்சையோ கேட்டுக்கொள்ள வேண்டும்.

நோயாளிகளைக் குறை சொல்லியும் பயன் இல்லை. 2009-ல் அமெரிக்காவில் எண்ணிப் பார்த்தபோது, டயாலிசிஸ் நோயாளி ஒரு நாளில் விழுங்கும் மாத்திரைகள் சராசரியாக 19! அதில் ஏறக்குறைய பாதி இந்த பாஸ்பேட் மாத்திரைதான். மாத்திரையை விழுங்கத் தண்ணீர் வேண்டும். தண்ணீருக்கும் அளவு உண்டு. 19 மாத்திரைக்கு எத்தனை மடக்கு என்று யோசித்துப் பாருங்கள்.

டிபன் பாக்ஸ் சாட்சி

நோயாளி வீட்டில் என்ன சாப்பிடுகிறார் என்பதை நர்சு பார்க்க முடியாது. ஆனால் எந்திரம் ஓடும்போது சாப்பிட அனுமதிக்கிற வார்டுகளில் ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. டிபன் பாக்ஸ் திறக்கும் நேரம்!

இட்லி இருந்தால் சரி. கூடவே வேர்க்கடலைச் சட்னி இருந்தால் ஒரு பேச்சு. நெத்திலிக் கருவாடு இருந்தால் இரண்டு பேச்சு. முள்ளோடு தின்கிற சின்ன மீனில் பாஸ்பேட் அதிகம். கருவாட்டில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. உடம்புக்குத் தெம்பு என்று யாரோ சொல்லிக் கொடுத்த மால்ட் பவுடர், கேழ்வரகுக் கஞ்சி, எள்ளுருண்டை எல்லாமே மற்றவர்களுக்கு நல்லவை. இங்கே அளவு பார்க்க வேண்டியவை.

ஆனால் உண்மையான வில்லன் வேறு இடத்தில் இருக்கிறான்.

பருப்பு, தானியங்களில் உள்ள பாஸ்பேட்டை நம் குடல் முழுசாக உறிஞ்சுவதில்லை. பாதிக்கும் குறைவாகத்தான் எடுத்துக்கொள்கிறது. கறி, மீன், பாலில் இருந்து அதைவிட அதிகம் போகும். கம்பெனியில் ரசாயனமாகச் சேர்க்கிற பாஸ்பேட்டோ கிட்டத்தட்ட அத்தனையும் ரத்தத்தில் ஏறிவிடும். கறுப்பு நிற கோலா கலர், பாக்கெட் சீஸ், சாசேஜ், ஐஸ் பெட்டியில் வைத்து விற்கும் மசாலா கோழித் துண்டுகள், சில பிஸ்கட்டுகள், கேக்குகள் எல்லாம் இந்த ரகம்.

கோலாவில் அளவு கொஞ்சம்தான். ஆனால் அதில் வருவது அவ்வளவும் உள்ளே போகிறது. சோற்றுக்கு மாத்திரை போடுகிறவர் கலர் குடிக்கும்போது போடுவதில்லை என்பதும் ஒரு காரணம்.

பாக்கெட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஐ.என்.எஸ். 338, 339, 340, 341, 450, 451, 452 என்று இருந்தால் அது பாஸ்பேட். இந்த எண்களைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால், பள்ளிக்கூடம் போகும் பேத்தியே கடையில் பார்த்துச் சொல்லிவிடுவாள்.

இதனால் பலன் உண்டா? உண்டு. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 279 டயாலிசிஸ் நோயாளிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பிரிவுக்கு, லேபிளைப் படித்து பாஸ்பேட் சேர்த்த பொருள்களைத் தவிர்க்க மட்டும் கற்றுக் கொடுத்தார்கள். 3 மாதத்தில் அவர்களுக்கு, மற்றவர்களைவிட 0.6 மில்லிகிராம் கூடுதலாக இறங்கியது. 2009-ல் இந்த முடிவு வெளியானது. புது மருந்து எதுவும் இல்லை. பேச்சு மட்டும்தான்!

பட்டினி கிடக்காதீர்கள்

இதைக் கேட்டு ஒரேயடியாகப் பயந்துபோகிறவர்களும் உண்டு. கறி வேண்டாம், முட்டை வேண்டாம், பருப்பு வேண்டாம் என்று ரசஞ்சோற்றோடு நிறுத்திக்கொள்வார்கள். பாஸ்பேட் இறங்கும். கூடவே உடம்பும் இறங்கும்!

டயாலிசிஸ் செய்கிறவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தினமும் வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 60 முதல் 72 கிராம். புரதம் குறைந்தால் சதை கரையும், கிருமி தாக்கும். திடீரென்று பாஸ்பேட் மிகவும் குறைந்த ரிப்போர்ட் வந்தால், நல்ல நர்சு கைதட்ட மாட்டார். "சாப்பிடுறீங்களா இல்லையா?" என்று கேட்பார்.

வழி இருக்கிறது. முட்டையின் வெள்ளைக்கருவில் புரதம் உண்டு, பாஸ்பேட் மிகக் குறைவு. மஞ்சள்கருவில்தான் அது குவிந்து கிடக்கிறது. கறியையும் காய்கறியையும் நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் பாஸ்பேட் குறையும். பொட்டாசியமும் குறையும். சூப்பு உடம்புக்கு நல்லது என்று அந்தத் தண்ணீரைக் குடித்தால் எல்லாம் போச்சு!

சமைப்பது யார்? பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள். ஆகவே நோயாளியிடம் மட்டும் சொல்லிப் பயன் இல்லை. வராந்தாவில் பெஞ்சில் காத்திருக்கும் அந்த அம்மாவையும் உள்ளே அழைத்துச் சொல்ல வேண்டும்.

"அரை மணி முன்னாடி எடுத்துடுங்க"

இன்னொரு தலைவலி நேரம். "ட்ரெயினைப் பிடிக்கணும் சிஸ்டர், அரை மணி முன்னாடி ஊசியை எடுத்துடுங்க" என்று கெஞ்சுவார்கள்.

பாஸ்பேட் பிடிவாதக்காரச் சரக்கு. ரத்தத்தில் இருப்பது முதல் ஒன்று, இரண்டு மணி நேரத்தில் விறுவிறு என்று இறங்கும். அதற்குப் பிறகு எலும்பிலும் உயிரணுக்களிலும் பதுங்கி இருப்பது மெதுவாக வெளியே வரும். அதை எந்திரம் பிடிக்க வேண்டுமானால் நேரம் வேண்டும். கடைசி அரை மணி நேரம் சும்மா படுத்திருக்கிற நேரம் அல்ல. நர்சு மறுப்பது பிடிவாதத்தால் அல்ல, கணக்குத் தெரிந்ததால்.

வாரத்துக்கு 12 மணி நேரம்

முதல்-அமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் இருக்கிறது. 2016-ல் மத்திய அரசு தேசிய டயாலிசிஸ் திட்டத்தைத் தொடங்கியது. காசு இல்லாமல் வீட்டுக்குத் திரும்பிப் போய்ச் சாகும் கொடுமை இதனால் குறைந்தது. இது பெரிய காரியம்.

ஆனால் எந்திரத்துக்குத் திட்டம் இருக்கிற அளவுக்குப் பேச்சுக்குத் திட்டம் இல்லை. டாக்டர் 'ரவுண்ட்ஸ்' வரும்போது ஒரு கட்டிலில் சில நிமிஷம் நிற்பார். உணவு நிபுணர் தினமும் வருகிற வார்டு குறைவு. வாரம் 3 முறை, தலா 4 மணி நேரம் என்று 12 மணி நேரம் நோயாளியின் பக்கத்தில் இருப்பவர் நர்சுதான்.

அவருக்கும் கை இரண்டுதான். ஒரு கட்டிலில் ரத்த அழுத்தம் சரியும். அடுத்த கட்டிலில் எந்திரம் 'அலாரம்' அடிக்கும். மூன்றாவது கட்டிலில் காலில் தசை பிடித்துக்கொண்டு ஒருவர் அலறுவார். இதற்கு நடுவில்தான் "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" என்று நின்று கேட்க வேண்டும். ஒரு நர்சுக்கு எத்தனை எந்திரம் என்று கணக்குப் போடுகிறவர்கள், இந்தக் கேள்விக்கு ஆகும் 10 நிமிஷத்தையும் கணக்கில் சேர்ப்பது நல்லது. அந்த நேரம் இல்லாத வார்டில், மாத்திரை வெறும் வயிற்றில்தான் போய்க்கொண்டிருக்கும். எண் ஏறியதைப் பார்த்து மாத்திரையை இன்னும் கூட்டுவார்கள். கால்சியம் மாத்திரையைக் கண்டபடி கூட்டினால், அந்தக் கால்சியமே ரத்தக் குழாயில் போய்ப் படியும் ஆபத்து வேறு.

6.1

அந்த ஆட்டோ டிரைவர் என்ன ஆனார்?

ஒரு மாதம் கழித்து ரிப்போர்ட் வருகிறது. 7.4 இருந்த இடத்தில் 6.1.

"பார்த்தீங்களா சிஸ்டர்! இப்ப ஓட்டல்ல இலை போட்டதுமே மாத்திரைதான்!" சட்டைப் பையைத் தட்டிக் காட்டுகிறார்.

நர்சு சிரிக்கிறார். ஆனால் சீட்டை மூடவில்லை. 5.5-க்கு இன்னும் தூரம் இருக்கிறதே!

"நல்லது அண்ணே. சாயங்காலம் ஸ்டாண்டுல நிக்கிறப்ப என்ன சாப்பிடுவீங்க?"

"சாப்பாடெல்லாம் ஒண்ணும் இல்ல சிஸ்டர்..."

"சாப்பாடு கேக்கல. நொறுக்கு?"

கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. டிரைவர் தலையைச் சொறிகிறார்.

"வெயில் நேரம் பாருங்க... பசங்க வாங்குவாங்க. ஒரு கலர். கறுப்புதான்."

வாசலில் இரண்டாவது 'ஷிப்ட்' ஆட்கள் காத்திருக்கிறார்கள். நர்சு பேனாவை எடுத்து, சீட்டின் ஓரத்தில் எழுதுகிறார்: 338.